மறதி நோய்க்கு மாசம் எவ்வளவு ஆகும்?

இந்த த்ரெட் கொஞ்சம் நீளம். வீட்டில் எழுபது வயசு தாண்டினவங்க யாராவது இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

"சார், ஒரு ஊசி இருக்காம்ல. அதைப் போட்டு விட்ருங்க சார். அத்தையும் நிம்மதியாப் போயிருவாக, நாங்களும் பொழைச்சுக்கிருவோம்."

போன வருஷம் ஓபி-யில் ஒரு அக்கா என்கிட்ட இதைக் கேட்டாங்க. சத்தமா இல்ல. பக்கத்துல இருந்த சிஸ்டருக்குக்கூடக் கேட்காத குரல்ல. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். விரல் இடுக்குல வெள்ளி நிறத்துல மருந்துத் தூள் ஒட்டியிருந்துச்சு. எங்க பக்கம் அந்தக் கையைப் பார்த்தாலே எந்த வேலைன்னு தெரிஞ்சுரும். வீல்சேர்ல அவங்க மாமியார். சேலையால இடுப்பைச் சேர்த்து நாற்காலியோட கட்டியிருந்தாங்க.

எனக்கு முதல்ல வந்தது கோபம்தான். மறைக்க விரும்பல. விருதுநகர் மாவட்டத்துல டாக்டரா இருக்கிறவன் காதுல அந்த வார்த்தை விழுந்தா சும்மா விழாது. தலைக்கூத்தல்னு ஒண்ணு இங்க இருந்துச்சுன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். முடியாமக் கிடக்கிற பெரியவங்களை விடிகாலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் குடுத்து அனுப்பி வைக்கிறது. 2010-ல் நம்ம மாவட்டத்துல 80 வயசுப் பெரியவர் ஒருத்தர், வீட்டு ஆளுங்க பேசிக்கிட்டது காதுல விழுந்து, தப்பிச்சு ஓடி சொந்தக்காரர் வீட்டுல தஞ்சம் புகுந்தார். அப்புறம்தான் பத்திரிகைக்காரங்க இந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தாங்க. பிரியா கிருஷ்ணசாமி இயக்கின 'பாரம்' படம் இதைப் பத்தினதுதான். 2018-க்கான சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வாங்குச்சு. சட்டப்படி இதுக்குப் பேர் கொலை. அதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

ஆனா எங்க ஊர்ல இதைப் பேசுறப்போ எல்லாரும் "கல் நெஞ்சு"ன்னு சொல்லிட்டுக் கடந்து போயிருவாங்க. யாரும் கணக்கு கேட்கிறதில்ல. அந்த அக்காகிட்டயும் நான் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்விதான் கேட்டேன். "நீங்க வேலைக்குப் போறப்போ அத்தையை யாரு பார்த்துக்கிறா?"

"யாரும் இல்ல சார். பூட்டிட்டுத்தான் போறேன்."

காலைல ஏழு மணிக்கு ஆலை வேன் வந்துரும். சாயங்காலம் ஆறு மணி ஆயிரும் திரும்ப. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததால 450 ரூபா கூலி போச்சு. வீட்டுக்காரர் லாரி, மாசத்துல பாதி நாள் வெளியூர். மாமியார் மூணு வருஷமா மறதி. சமாளிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா இந்த ஒரு வாரமா ராத்திரி முழுக்கக் கத்தல், துணியை அவுத்துப் போடுறது, அடிக்க வர்றது. அந்த அக்கா ஏழு நாளா தூங்கல. தூங்காத கண்ணோட போய் பட்டாசு மருந்தைக் கையாளுறாங்க. இதோட அர்த்தம் எங்க ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

"ஒரு வாரமா"ங்கிற வார்த்தையைக் கவனிங்க மக்களே. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், மெல்ல இறங்குற வண்டி. ஒரே வாரத்துல பள்ளத்துல விழுந்தா அதுக்கு வேற காரணம் இருக்கும். அந்தப் பாட்டி வயித்துல கை வச்சுப் பார்த்தேன். மூத்திரப்பை தொப்புள் வரைக்கும் வீங்கியிருந்துச்சு. டியூப் போட்டதும் 900 மில்லி வந்துச்சு. நாலு நாளா மலமும் போகல. என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு கேட்டா, தூக்கம் வர்றதுக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கின சளி-அலர்ஜி மாத்திரை. அந்த வகை மாத்திரை தூக்கத்தைக் குடுக்கும், கூடவே மூத்திரத்தை அடைக்கும், மலத்தைக் கட்டும், ஏற்கெனவே தடுமாறுற மூளையை இன்னும் குழப்பும். அதுக்கு மேல கிருமித் தொற்று வேற.

பாட்டியால "வலிக்குது"ன்னு சொல்ல முடியல. அதனால கத்தினாங்க. அவ்வளவுதான்.

அட்மிட் பண்ணி, மாத்திரையை நிறுத்தி, தொற்றுக்கு மருந்து குடுத்து, வயித்தைச் சுத்தம் பண்ணினோம். அஞ்சாம் நாள் காலைல ரவுண்ட்ஸ் போறப்போ பாட்டி என்னைப் பார்த்து "சாப்ட்டியாய்யா"ன்னாங்க. நான் யாருன்னு தெரியாது. என்ன நாள்னு தெரியாது. மூணு வருஷத்து மறதி அப்படியேதான் இருந்துச்சு. ஆனா ஊசி கேட்க வச்ச அந்த வாரம் குணமாகிருச்சு.

திடீர்னு மோசமானா டாக்டரைப் பாருங்க. இந்த த்ரெட்ல இது ஒண்ணு மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருந்தாக்கூடப் போதும். அதே மாதிரி மறதி ஆரம்பிக்கிறப்பவே, வயசானா அப்படித்தான்னு விட்டுராம ஒரு தடவை பரிசோதனை பண்ணிருங்க. தைராய்டு குறைஞ்சாலும், பி12 குறைஞ்சாலும், ரெண்டு மாசம் முன்னாடி கீழ விழுந்து தலைக்குள்ள ரத்தம் மெல்லக் கசிஞ்சிருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி மாதிரியே தெரியும். இதெல்லாம் சரிபண்ணக் கூடியது. பரிசோதனையை அரசு மருத்துவமனையிலேயே பண்ணிக்கலாம்.

சரி, எல்லாம் பார்த்தாச்சு, மறதி நோய்தான்னு உறுதி ஆயிருச்சு. அப்புறம்?

இந்த இடத்துல டாக்டர் வேஷத்தைக் கழட்டி வச்சுட்டுப் பேசணும். ஏன்னா இது என் வீட்டுக் கதையும்தான்.

எங்க வீடு ஆமத்தூர். தெலுங்கு பேசுற குடும்பம், கரிசல்காட்டுப் பக்கம் அது சாதாரணம். அப்பாவோட அம்மாவை அவ்வான்னு கூப்பிடுவோம். அவ்வா முப்பது வருஷம் தீப்பெட்டி ஒட்டினவங்க. அந்தக் காசுலதான் அப்பா, சித்தப்பா, அத்தை மூணு பேரும் படிச்சாங்க. குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டப்போ சிரிச்சோம். கல்யாண வீட்டுல மொய் எழுதிட்டு வந்து மறுபடி மொய் எழுதக் கிளம்பினப்பவும் சிரிச்சோம். நான் அப்போ எம்பிபிஎஸ் முடிச்சு வேலைல இருந்தேன். எத்தனையோ பேர் வீட்டுப் பெரியவங்களுக்குச் சொன்னவன், என் வீட்டுல ஒன்றரை வருஷம் "வயசாயிருச்சு"ன்னு சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் விருதுநகர் ரோட்டுல, ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, "தீப்பெட்டி ஆபீசுக்கு நேரமாச்சு"ன்னு நடந்துக்கிட்டு இருந்தவங்களை ஒரு டீக்கடைக்காரர் கூட்டிட்டு வந்து விட்டார். அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

அம்மா அப்போ ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தாங்க. மாசம் 11 ஆயிரம். வேலையை விட்டாங்க. யாரும் விடச் சொல்லல, யாரும் விட வேண்டாம்னும் சொல்லல. அப்படியே நடந்துருச்சு.

நாலு வருஷம் ஓடுச்சு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் "உங்க வீட்டுல கிழவியைத் தங்கமா வச்சிருக்கீங்க"ன்னு அப்பாவைப் பாராட்டுவாங்க. நான் ஞாயித்துக்கிழமை போவேன், பிபி பார்ப்பேன், மாத்திரையை மாத்தி எழுதுவேன், பத்து நிமிஷம் பேசிட்டுக் கிளம்பிருவேன். சித்தப்பா சென்னையில இருந்து மாசம் மூவாயிரம் அனுப்புவார்.

போன வருஷம் தை மாசம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்னு முடிவாச்சு. ஆறு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது. அவ்வாவை யார் தூக்கிக் குளிப்பாட்டுறது? அன்னிக்குத்தான் எங்க வீட்டுல முதல் தடவையா "ஹோம்"ங்கிற வார்த்தையை ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னாங்க. சொன்னது நான்தான். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். சித்தப்பா போன்ல, "ஊர் என்னடா பேசும்? எங்கம்மாவை அநாதை மாதிரி விடவா?"ன்னார்.

அப்போ அம்மா பேசினாங்க. குரலை உயர்த்தவே இல்ல.

"நாலு வருஷமா நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல. எங்கம்மா செத்தப்போ பதினாறு நாள் இருக்க முடியல, மூணாம் நாளே வந்துட்டேன். அதை ஊர் பேசல. உங்க யாருக்கும் அது ஞாபகம்கூட இல்ல."

நான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். டாக்டருக்குத் தெரிஞ்ச பரிகாரம் அதுதான். அந்தக் கணக்கை உங்களுக்கும் காட்டுறேன். இது எங்க வீட்டுக் கணக்கு, உங்க வீட்டுல கூடும் குறையும்.

வீட்டுல வச்சுப் பார்த்தா செலவு இல்லைன்னு நினைச்சுட்டு இருந்தோம். அம்மா விட்ட சம்பளம் 11 ஆயிரம், நாற்பத்தெட்டு மாசம், 5 லட்சத்து 28 ஆயிரம். டயாப்பர் ஒண்ணு 38 ரூபா, ஒரு நாளைக்கு மூணு, மாசம் 3,420. மாத்திரை 600. வழுக்காம இருக்க பாத்ரூம் தரையை மாத்தினது, கைப்பிடி வச்சது, வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டது எல்லாம் சேர்த்து 46 ஆயிரம். அம்மாவோட முதுகுவலிக்கு ஸ்கேன், பிசியோ தனி. ராத்திரித் தூக்கத்துக்கு என்ன விலை போடுறதுன்னு தெரியாம அந்தக் கட்டத்தைக் காலியா விட்டேன்.

வீட்டுக்கே ஆள் வச்சா? மதுரை ஏஜென்சியில 24 மணி நேரத்துக்கு மாசம் 27 ஆயிரம் கேட்டாங்க. சாப்பாடும் தங்குற இடமும் நம்ம பொறுப்பு. முதல்ல அரை மாசச் சம்பளம் கமிஷன். ஆள் ஊருக்குப் போனா மாத்து ஆள் வர்ற வரைக்கும் நம்ம பாடு.

மறதி நோய்க்குன்னே இருக்கிற இல்லம்? சென்னை, கோவை, பெங்களூர்னு ஏழு இடத்துக்குப் போன் போட்டேன். குறைஞ்சது 32 ஆயிரம், அதிகம் 80 ஆயிரம். அட்வான்ஸ் ரெண்டு மாசம் மூணு மாசம். அதுல டயாப்பர் சேராது, மருந்து சேராது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா அந்தச் செலவும் கூட நிக்கிற ஆளோட கூலியும் சேராது. சொல்ற தொகைக்கு மேல ஒரு ஏழெட்டாயிரம் வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போடணும். ஹோம் பார்க்கிறவங்க ஒரு மாசக் கட்டணத்தைத்தான் பார்க்கிறாங்க. நோய் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் சராசரியா நாலுல இருந்து எட்டு வருஷம், சிலர் அதுக்கு மேலயும் இருப்பாங்க. மாசம் 40 ஆயிரம்னு ஆறு வருஷத்துக்குப் போட்டா 28 லட்சத்து 80 ஆயிரம். ரெண்டு வருஷத்துல காசு தீர்ந்து பெரியவங்களை இடம் மாத்தினா, அந்த இடமாற்றமே அவங்களை ஒரு படி கீழ இறக்கிரும். அதனால "இந்த மாசம் கட்ட முடியுமா"ன்னு கேட்காதீங்க. "அஞ்சாவது வருஷம் யார் கட்டுவா"ன்னு கேளுங்க.

காப்பீட்டு அட்டை இருக்கேன்னு பலர் கேட்கிறாங்க. முதலமைச்சர் காப்பீடோ, 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024-ல் வந்த ஆயுஷ்மான் வய வந்தனாவோ, அது ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்க்கத்தான். ஒருத்தரைக் குளிப்பாட்டி, ஊட்டி, வருஷக்கணக்கா கூட இருந்து பார்த்துக்கிற செலவுக்கு இல்ல. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபா, பத்து நாள் டயாப்பருக்குச் சரியா இருக்கும். ஜப்பான்ல நாற்பது வயசு ஆனாலே எல்லாரும் இதுக்குன்னு பிரீமியம் கட்டணும், 2000-லேயே அந்தக் காப்பீட்டைக் கொண்டு வந்துட்டாங்க. அவ்வளவு தூரம் போக வேணாம். கேரளாவுல ஜேக்கப் ராய்ங்கிற டாக்டர் 1992-லேயே மறதி நோய்க்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார், இன்னிக்கு அது நாடு முழுக்க இருக்கு. சென்னையில ஸ்கார்ஃப் நிறுவனம் இதுக்குன்னே டெம்கேர்ஸ்னு ஒரு பிரிவு நடத்துது. கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தாச்சு. எல்லாம் நல்ல விஷயம். ஆனா ஆமத்தூர்ல இருந்து கிண்டி ஒரு ராத்திரிப் பயணம்.

பக்கத்துல இருக்கிற சாதாரண முதியோர் இல்லங்கள்ல கேட்டுப் பாருங்க. முதல் கேள்வியே "தன் வேலையைத் தானே செஞ்சுக்குவாங்களா?"ன்னுதான் இருக்கும். மறதி நோய்னு சொன்னா "சாரி சார்". அதை மறைச்சுச் சேர்த்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. தயவுசெய்து பண்ணாதீங்க. ரெண்டாவது ராத்திரி கேட்டைத் திறந்துட்டு நடந்துருவாங்க.

அவ்வா விஷயத்துல நாங்க மதுரைப் பக்கம் ஒரு சின்ன இல்லத்துல நாற்பது நாளுக்கு மட்டும் பேசினோம். தற்காலிகமா வச்சுக்கிறதுக்கு எல்லா இடமும் ஒத்துக்காது, இவங்க ஒத்துக்கிட்டாங்க. மாசம் 38 ஆயிரம் கணக்கு. சேர்க்கிறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை சொல்லாம போய்ப் பார்த்தேன், ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்க. பகல்ல கார்ப்பெட்டும் பூந்தொட்டியும் எல்லா இடத்துலயும் அழகாத்தான் இருக்கும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆளு? கட்டி வைக்கிறாங்களா? வாடை எப்படி? சாப்பாடு ஊட்ட அவசரப்படுறாங்களா? தூங்க வைக்க என்ன மாத்திரை, யார் எழுதிக் குடுக்கிறா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமக் கேளுங்க. மனநோய்க்குக் குடுக்கிற சில மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவங்களோட உயிருக்கே ஆபத்தைக் கூட்டும்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டிருக்கு. சில நேரம் அது தேவைப்படும், நானே எழுதியிருக்கேன். ஆனா ஆள் பத்தாததுக்கு மாத்திரை பதில் ஆகாது. படுத்த படுக்கை ஆனதுக்கு அப்புறமும் வச்சுக்குவீங்களான்னும் கேட்டுக்கோங்க. சில இடத்துல அந்தக் கட்டம் வந்ததும் கூட்டிட்டுப் போகச் சொல்லிருவாங்க.

இவ்வளவும் கேட்ட நான் ஒண்ணைக் கேட்க மறந்துட்டேன். பாஷை.

மறதி கூடக் கூட, பலருக்குப் பின்னாடி கத்துக்கிட்ட பாஷை முன்னாடி போயிரும். அவ்வாவுக்குத் தமிழ் மெல்லக் கழண்டு வீட்டுத் தெலுங்கு மட்டும் மிஞ்சியிருந்துச்சு. தண்ணி வேணும்னு "நீளு, நீளு"ன்னு கேட்டிருக்காங்க. பாவம் அந்தப் பொண்ணு, காலை நீட்டணும் போலன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் காலை நீட்டி விட்டிருக்கு. ரெண்டாம் நாள் நான் போனப்போ அவ்வா உதடு காய்ஞ்சு கிடந்துச்சு, கால் மட்டும் நேரா இருந்துச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. பத்து வார்த்தையைத் தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டு வந்தேன். ராத்திரி ஷிப்ட்ல சாத்தூர்க்கார அக்கா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களுக்குத் தெலுங்கு தெரியும். அப்புறம் பிரச்சினை இல்ல.

உண்மையைச் சொன்னா, பிரச்சினை இல்லாததுதான் எங்களுக்குப் பிரச்சினை ஆச்சு. அவ்வா அங்க நல்லா இருந்தாங்க. நேரத்துக்குச் சாப்பாடு, கூட உட்கார ஆள், சாயங்காலம் பாட்டு. ஒன்றரைக் கிலோ எடை ஏறினாங்க. எங்க யாரையும் தேடல. அப்பா வாராவாரம் பஸ் ஏறிப் போவார். அவ்வா அவரைப் பார்த்து, "யாரு வீட்டுப் பிள்ளை, நல்ல பிள்ளையா இருக்கே"ன்னு தெலுங்குல கேட்பாங்க. அப்பா திரும்பி வந்து ரெண்டு நாள் பேச மாட்டார். அம்மாவைத் தேடி ஏங்கிப் போயிருவாங்க, ஒரே வாரத்துல கூட்டிட்டு வந்துரலாம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தார் போல.

நாற்பது நாளுக்கு எல்லாம் சேர்த்து 62 ஆயிரம் ஆச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்துட்டோம். பாசத்தால இல்ல, காசு இல்லாததால. இதை இப்படியே எழுதுறதுதான் நியாயம். பணம் இருந்திருந்தா அங்கயே விட்டிருப்போம், அது தப்பாவும் இருந்திருக்காது.

நடுவுல ஒரு விஷயம், பத்திரச் சமாச்சாரம். ஞாபகம் நல்லா இருக்கிறப்பவே பேங்க் கணக்கை ஜாயிண்ட்டா மாத்திருங்க. உயில் எழுதணும்னா அப்பவே எழுதிப் பதிவு பண்ணிருங்க. "பவர் எழுதி வாங்கியிருக்கோம், போதும்"னு நிறையப் பேர் நிம்மதியா இருக்காங்க. எழுதிக் குடுத்தவரோட புத்தி சுயமா இயங்காத நிலை வந்துட்டா, நம்ம சட்டப்படி அந்தப் பவர் செல்லாமப் போயிரும். அப்புறம் அவங்க பணத்தை எடுத்து அவங்களுக்கே செலவு பண்ண கோர்ட் படி ஏறணும். ராத்திரியோட ராத்திரியா கைநாட்டு வாங்குற வேலையும் எங்க பக்கம் நடக்குது. பார்த்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டு சொத்தை எழுதி வாங்கிட்டுப் பார்க்காம விட்டா, 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். பத்திரத்துல அந்த நிபந்தனை இருந்தா நல்லது. ஆர்டிஓ-கிட்ட மனு குடுக்கணும். பிள்ளைங்க மாசம் குடுக்க வேண்டிய பராமரிப்புத் தொகைக்கும் அதே இடம்தான். சட்டத்துல உச்சவரம்பு 10 ஆயிரம். நான் மேல சொன்ன கணக்குல அது எந்த மூலைக்குன்னு நீங்களே பாருங்க. முதியோர் உதவி எண் 14567, குறிச்சு வச்சுக்கோங்க.

அந்த அக்கா கதைக்கு வர்றேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவங்களுக்கு நான் ஹோம் பத்திப் பேச முடியுமா? மாசம் 32 ஆயிரம்னு சொன்னா அது கேலி மாதிரி இருக்கும். அதனால கையில இருக்கிறதை வச்சுப் பார்த்தோம். மக்களைத் தேடி மருத்துவத்துல பேரைச் சேர்த்து, வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை குடுக்க ஏற்பாடு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் வர்ற நாளைக் குறிச்சுக் குடுத்தோம். கேஸ் ரெகுலேட்டரைக் கழட்டி வச்சுட்டுப் போகச் சொன்னேன். தீப்பெட்டி, மண்ணெண்ணெய், மாத்திரை டப்பா எல்லாம் பூட்டுக்குள்ள. மதியம் ஒரு தடவை யாராவது எட்டிப் பார்க்க முடியுமான்னு கேட்டேன். பக்கத்து வீட்டுல கண்ணு தெரியாத ஒரு தாத்தாவும் அவர் மகளும் இருக்காங்களாம், மகள் வீட்டுலயே பெட்டி ஒட்டுறவங்க. ஒரு வேளைச் சாப்பாடும் மாசம் ஆயிரமும்னு பேசி முடிச்சாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு மருந்து வாங்க வந்தாங்க. "இப்பவும் பூட்டிட்டுத்தான் சார் போறேன். சாவி மட்டும் அவுக வீட்டுல இருக்கு."

ஊசி பத்தி அவங்களும் பேசல, நானும் பேசல. நான் அவங்க பேரை அன்னிக்குப் போலீஸ்ல சொல்லியிருக்கணும்னு ஒரு நண்பன் சண்டை போட்டான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது, அந்தப் பாட்டி இன்னும் இருக்காங்க, அந்த அக்கா ராத்திரி தூங்குறாங்க. அடுத்த வருஷம் நோய் இன்னும் கூடும். அப்போ ஒரு மதிய எட்டிப் பார்ப்பு போதாது. அப்போ என்ன பண்ணுறதுன்னு என்கிட்டயும் பதில் இல்ல. தாலுகாவுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் வந்தா, காலைல ஏழு மணிக்கு ஆலை வேன் மாதிரியே ஒரு வேன் வந்து பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா, இந்த மாவட்டத்துல எத்தனையோ வீட்டுப் பூட்டு கழளும். 2023-ல் வந்த லாசி-டாட் ஆய்வு இந்தியாவுல அறுபது வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய்னு சொல்லுது. நகரத்தைவிட கிராமத்துல அதிகம். ஆனா ஹோம் எல்லாம் நகரத்துலதான் இருக்கு.

எங்க வீட்டுல இப்போ என்ன ஏற்பாடுன்னு கேட்டீங்கன்னா, தெருவுல ஒரு அக்கா பகல் எட்டுல இருந்து அஞ்சு வரைக்கும் வர்றாங்க, மாசம் 9 ஆயிரம். தெலுங்கு பேசுறவங்களாப் பார்த்துப் பிடிச்சோம். அதைச் சித்தப்பா குடுக்கிறார். கோவில்பட்டி அத்தை மாசத்துல ஒரு வாரம் வந்து தங்குறாங்க. அவ்வாவை அங்க இங்க மாத்துறது இல்ல, அத்தைதான் மாறி வர்றாங்க. அந்த வாரம் அம்மா எங்க வேணா போகலாம். முதல் மாசம் எங்கயும் போகல, உள்ரூம்ல படுத்துத் தூங்கினாங்க. ஏழு நாளும்.

அவ்வாவோட கை சும்மா இருக்காது. காத்துல எதையோ மடிக்கும், ஒட்டும். ரொம்ப நாள் கழிச்சுத்தான் அது தீப்பெட்டின்னு எனக்குப் புரிஞ்சது. பழைய லேபிள் தாளும் கொஞ்சம் மைதாப் பசையும் குடுத்தோம். பெத்த பிள்ளை பேர் மறந்தவங்க, தாளை ஒரு மில்லிமீட்டர் பிசகாம மடிக்கிறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கத்தல் இல்ல, நடை இல்ல. சில நாள் பசையைச் சாப்பிடப் பார்ப்பாங்க, அதுக்குத்தான் வெறும் மைதா.

கடைசியா அந்த நோட்டுல காலியா விட்ட கட்டம். அம்மாவுக்கு மாசம் 10 ஆயிரம்னு போட்டு, நானும் அப்பாவும் ஆளுக்குப் பாதி, அவங்க பேர்ல தனிக் கணக்கு. முதல்ல கேட்டதும் அம்மாவுக்கு முகம் சுருங்கிருச்சு. "மாமியாரைப் பார்க்கிறதுக்குக் கூலியா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க"ன்னாங்க. சண்டை போட்டு ரெண்டு நாள் சாப்பிடல. நாங்க பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருந்தோம்.

இந்த மாசம் எனக்குச் சம்பளம் வர லேட்டு. நாலாம் தேதி காலைல ஓபி-யில் கூட்டத்துக்கு நடுவுல அம்மா போன். அவ்வாவுக்கு என்னமோன்னு பதறி எடுத்தேன்.

"ஒண்ணுமில்லப்பா, அவ்வா நல்லா இருக்காங்க. என் கணக்குல இன்னும் காசு ஏறலையே, அதான் கேட்டேன்."

ஏத்திட்டேன்.